ஒரே மட்டம்

என் ஓரகத்தியின் வாசலில் மூன்றாவது படி முளைத்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசி இல்லாமல் இல்லை, வயிற்றில் இடம் இல்லை. வெளியில் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இதற்கு நியாயம், மனக்குறை, மான ரோஷம் என்று நல்ல பெயராகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். நான் பொறாமை என்றே சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக என்னோடு குடியிருப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா?

ஓரகத்தி என்றால் என் கணவருடைய தம்பியின் மனைவி. அவளுக்கு நான் வைத்த பெயர் மேட்டுக்காரி. மனசுக்குள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன். அவள் வீடும் என் வீடும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் எட்டடிச் சந்து. நான் இங்கே தும்மினால் அவள் அங்கே ஜன்னலை மூடுவாள்.

மாமனார் தன் மனையை மகன்கள் இருவருக்கும் பிரித்தபோது, மூத்தவன் முதலில் எடுக்கட்டும் என்றார். ஒரு பக்கம் மிருதுவான மண், தோண்டத் தோண்ட ஈரம். மறு பக்கம் சுத்தமாகப் பாறை. எங்கள் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு தம்பியின் முகத்தைப் பார்த்தார். இந்த மனிதரை விட்டால் பாறையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று நான் முந்திக்கொண்டேன்.

"மண்ணுப் பக்கம் எங்களுக்கு மாமா. லாண்டரி வைக்கப் போறோம், தண்ணி வேணும்ல."

மேட்டுக்காரி பாறைப் பக்கம் போய்க் காலால் தட்டிப் பார்த்தாள். அவளுக்கு அஸ்திவாரம் போட ஆட்கள் பாறையைச் செதுக்கிச் செதுக்கி நாற்பது நாள் ஆனது. வீட்டுக்கு வைத்திருந்த பணத்தில் பாதியைப் பாறை தின்றது. எங்களுக்கு இரண்டே நாளில் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு வீட்டுத் தரையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கொத்தனார் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைக் கொண்டுவந்தார். ஒரு முனையை என் வாசலிலும் மறு முனையை அவள் வாசலிலும் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் எங்கே வந்து நின்றதோ அங்கே சிவப்புக் கோடு.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே மட்டம். நாளைக்கு எவனும் ஒசத்திக் கட்டக் கூடாது" என்றார் மாமனார். வீட்டு வரைபடத்திலும் அந்த அளவை எழுதவைத்தார்.

மட்டம் என்ற சொல்லைப் பாருங்கள். சமமாக இருந்தாலும் மட்டம், கேவலமாக இருந்தாலும் மட்டம். அன்றைக்கே எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் மூத்த மருமகள். அவளோடு நான் ஒரே மட்டம் என்றால் அது எனக்கு மட்டம் இல்லையா?

ஆனால் தண்ணீர் என் பக்கம் இருந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டோம். நூறடியில் பீறிட்டது. ஒரு சலவை இயந்திரம் மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று. விடுதிகளின் தலையணை உறைகள், பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள் எல்லாம் எங்களிடம்தான் வந்தன. பாறையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பதால் மேட்டுக்காரி வீட்டுக்கும் என் தொட்டியிலிருந்துதான் குழாய் போகும். திருகு என் பக்கம். அவள் மேல் கோபம் வந்தால் திருகை லேசாக இறுக்குவேன். சும்மா ஒரு நாள், இரண்டு நாள். குடத்தோடு வந்து "அக்கா, தண்ணி வரலக்கா" என்பாள். "அப்படியா, பாக்கச் சொல்றேன்" என்பேன். இதில் ஒரு சுகம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றை ஆழமாக்கினோம். இருநூறு, முந்நூறு, கடைசியில் நானூற்றிருபது அடி. தெருவில் எல்லாரும் அப்படித்தான். ஐஸ் தொழிற்சாலைக்காரர் ஐந்நூறு போனார் என்றால் தண்ணீர் லாரிக்காரர் ஐந்நூற்றைம்பது போவார்.

முதல் படி நான்காவது வருஷம் வந்தது. ஒரு காலை மேட்டுக்காரி தன் வாசலுக்குக் கீழே செங்கல் வைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"என்ன புதுசா?" என்றேன்.

"கால் வைக்க வாட்டமா இல்லக்கா, அதான்."

மூன்று வருஷம் கழித்து அதற்குக் கீழே இரண்டாவது படி. இப்போது மூன்றாவது. ஒரு வீட்டுக்குப் படி கூடுகிறது என்றால் என்ன அர்த்தம்? வீடு உயர்கிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்து வீட்டையே அலாக்காகத் தூக்குகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். நாங்கள் வெளியூர் போயிருந்த நாட்களில் என் கொழுந்தன் லாரியில் ஜாக்கி கொண்டுவந்து இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அவன் லாரி ஓட்டுநர், வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பான். லாரிக்காரனிடம் ஜாக்கி இல்லாமலா?

என்னிடம் அத்தாட்சியும் இருந்தது. அவள் தையற்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பாள். அவள் தையல் இயந்திரம் அவள் முன்னறையிலும் என் இஸ்திரி மேசை என் முன்னறையிலும் நேருக்கு நேர் இருக்கின்றன. முதலில் நான் நின்று இஸ்திரி போடும்போது உட்கார்ந்து தைக்கிறவளின் உச்சி வகிடு எனக்குத் தெரியும். சில வருஷத்தில் நெற்றி தெரிந்தது. இப்போது அவள் உட்கார்ந்துகொண்டே என் கண்ணை நேராகப் பார்க்கிறாள், நான் நின்றுகொண்டு. நாள் முழுக்க. நீங்களாக இருந்தால் பொறுத்துக்கொள்வீர்களா?

இதில் ஒரு நாள் வாய்த் துடுக்கு வேறு. சந்தில் நின்று, "அக்கா, நீங்க கீழ போறீங்கக்கா" என்றாள். அவ்வளவு தைரியம்! "யாருடி கீழ போறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்த் திருகை இறுக்கினேன். அந்தத் தடவை மூன்று நாள்.

அவள் ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் எங்களுக்கு வரிசையாகச் செலவு. முன் கதவு நிலையில் சிக்கியது. தச்சர் வந்து இழைத்தார். மறுபடி சிக்கியது, மறுபடி இழைத்தார். மூன்றாவது தடவை, "இன்னொரு வாட்டி எழச்சா இது ஜன்னலாயிடும்மா" என்றார். அவள் வீட்டுக்குப் போகும் குழாய் அதே மூட்டில் ஐந்து தடவை உடைந்தது. அவள்தான் அந்தப் பக்கமிருந்து இழுக்கிறாள் என்று குழாய்க்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வேணா ரப்பர் குழாய் போடுங்கம்மா, இழுத்தா வளைஞ்சு குடுக்கும்" என்றார். சலவை இயந்திரங்கள் சுற்றும்போது தானாக நடக்க ஆரம்பித்தன. எங்கள் வீட்டுக்காரர் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து நிறுத்துவார், ஒரு வாரத்தில் மறுபடி நடக்கும். கழிவுநீர்க் குழாய் வெளியே போவதை மறந்து உள்ளே வர ஆரம்பித்தது. மழை பெய்தால் சந்துத் தண்ணீர் முழுவதும் என் வாசலுக்குத்தான். சலவைக் கூடத்துச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். காப்பீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, தீ, திருட்டு, வெள்ளம் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். "விரிசலுக்கு இல்லீங்க" என்று பையை மூடிக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வசதி கிடைத்தது. கிணற்றின் இரும்புக் குழாய், முதலில் தரையோடு தரையாக இருந்தது, வருஷம் போகப் போக மேலே வந்து முழங்கால் உயரத்தில் நின்றது. துணிக் கவ்விப் பையை அதில் மாட்டிவைத்தேன். குனிய வேண்டியதில்லை. பம்ப்காரன் ஆழப்படுத்தும்போது இழுத்துவிட்டிருப்பான் என்று நினைத்தேன்.

கடைசியில் மருத்துவமனை நிர்வாகி வந்தார். எல்லா வார்டு துணிகளையும் எங்களுக்கே தருவதாகப் பேச்சு. அது வந்தால் லாண்டரி நிமிர்ந்துவிடும். வராவிட்டால் இருப்பதும் போய்விடும், ஏனென்றால் இரண்டு இடத்தில் கொடுக்க அவர்களுக்கு இஷ்டமில்லை. அவர் ஈரத் தரையில் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரிசலைப் பார்த்தார். நடக்கும் இயந்திரத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசத்துல சரி பண்ணிடுங்கம்மா. இல்லன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

அவர் போனதும் நான் இஸ்திரி மேசைக்கு வந்தேன். எதிரே மேட்டுக்காரி உட்கார்ந்து, காலர் தைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு நேராகப் பார்த்து, பாவம் என்பது போல் தலையை அசைத்தாள். அந்தத் தலையசைப்பில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவள் வீட்டைத் தூக்கியதால்தான் மழைத் தண்ணீர் என் பக்கம் வருகிறது. தண்ணீர் ஊறியதால்தான் விரிசல். அவள் வளர்கிறாள், நான் தேய்கிறேன். மாமனாருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டாள்.

நகர அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். 'அனுமதி இல்லாமல் வீட்டை உயர்த்தி அண்டை வீட்டாருக்குச் சேதம் விளைவிக்கும் நபர் மீது நடவடிக்கை எடுக்கவும். உயர்த்திய பாகத்தை இடிக்கவும்.' கீழே, 'இப்படிக்கு, ஒரு நலம் விரும்பி.' யாருடைய நலம் என்று எழுதவில்லை. தாளை மடித்து உறையில் போட்டு, என் கையாலேயே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். எங்கள் வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அவருக்குத் தெரிந்தால் தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்.

ஒன்பதாம் நாள் காலையில் வந்துவிட்டார்கள். தொப்பி போட்ட ஒரு பெண், சர்வேயராம். மூன்று கால் வைத்த கருவி. அளவுக்கோல் பிடிக்க ஒரு ஆள். ஆற்றுப் பாலத்துத் தூணில் ஒரு பித்தளைக் குமிழ் அடித்திருக்கிறதாம், அது அசையாத இடமாம். அங்கிருந்து ஐம்பது அடிக்கு ஒரு தரம் அளந்துகொண்டே எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான் ஒன்றும் அறியாதவள் போல ஈரத் தலையணை உறையை உதறிக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்காரரும் வெளியே வந்தார். மேட்டுக்காரி கழுத்தில் அளவு நாடாவோடு மூன்று படியும் இறங்கி வந்தாள்.

சர்வேயர் பழைய வரைபடத்தை விரித்தாள். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே அளவு எழுதியிருக்கே. யாரோ வெவரமான ஆளு."

"எங்க மாமனார்" என்றேன், பெருமையாக.

முதலில் மேட்டுக்காரி வீட்டு வாசலில் அளவுக்கோலை நிறுத்தினார்கள். சர்வேயர் கருவியில் கண்ணை வைத்தாள், எழுதினாள், வரைபடத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு என்ன எழுதியிருக்கோ அதேதான் இருக்கு. ஒரு நூல் கூட மாறல."

"கருவிய நல்லா வச்சுப் பாருங்க" என்றேன். "மூணு படி இருக்கு, கண்ணுக்குத் தெரியலயா?"

அவள் கோபப்படாமல் மறுபடி பார்த்தாள். மாறவில்லை. பிறகு அளவுக்கோல் சந்தைத் தாண்டி என் வாசலுக்கு வந்தது. அவள் பார்த்தாள். கருவியைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"நாப்பத்தோரு சென்டிமீட்டர்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. "ஏறியிருக்கா?" என்று கேட்டேன்.

"எறங்கியிருக்கும்மா."

கையில் இருந்த தலையணை உறையிலிருந்து தண்ணீர் என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சர்வேயர் நேராக என் கிணற்றடிக்கு நடந்தாள். துணிக் கவ்விப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"இந்தக் குழாய் போட்டப்ப வாய் எங்க இருந்துச்சு?"

"தரையோட தரையா."

"குழாய் நானூறு அடிக்குக் கீழ கெட்டிப் பாறையில ஊணி நிக்குது. அது அசையல. சுத்தி இருக்கற மண்ணுதான் கீழ போயிருக்கு. அடியில இருந்த தண்ணிய எடுத்துட்டோம்னா மண்ணு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடும்மா. உங்க வீடும் சந்தும் மண்ணு மேல. அவங்க வீடு பாறை மேல."

"என்னோட கிணத்தாலயா?"

"உங்க ஒருத்தங்களால இல்ல. இந்தத் தெருவுல மட்டும் பதினாறு கிணறு. சாக்கடைய மறுபடி போடவே நகர அலுவலகம் ரெண்டு வருஷ வரிப் பணத்த ஒதுக்கியிருக்கு. பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்ணு மேல இருக்கற எந்த வீட்டையும் இப்ப பேங்க்ல அடமானத்துக்கு எடுக்க மாட்டேங்கறாங்க. பதினாறையும் மூட உத்தரவு வருது."

பதினைந்து பேர் கூட இருக்கிறார்கள் என்பதில் ஒரு ஆறுதல் வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது போய்விட்டது. கொல்லைப் பக்கம் பாறை மறுபடி தலைகாட்டுகிற விளிம்பில் என் சலவைக் கூடம் இருப்பதால், ஒரு பக்கம் நின்று ஒரு பக்கம் இறங்கிச் சுவர் கிழிகிறதாம். ஆறு இயந்திரங்களின் அதிர்வை அது தாங்காது, உடனே நிறுத்த வேண்டும் என்றாள்.

"தண்ணி எடுக்கறத நிறுத்திட்டா மறுபடி மேல வந்துடுமா?" எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"உக்காந்த மண்ணு எழுந்திருக்காது சார். நிறுத்தினாலும் இன்னும் கொஞ்ச நாளைக்கு எறங்கிட்டுத்தான் நிக்கும்."

அதோடு அவள் போயிருக்கலாம். மனுவில் சம்பந்தப்பட்ட எதிர்த் தரப்பு கையெழுத்துப் போட வேண்டுமாம். உறையிலிருந்து என் மனுவை எடுத்து மேட்டுக்காரியிடம் நீட்டினாள். "பேர் போடாம எழுதியிருக்காங்க. படிச்சுப் பாத்துட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்க. ஆமா, இது என்ன, மூலையில ரெண்டு புள்ளி ஒரு கோடு? எங்க ஆஃபீஸ்ல யாருக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிலில் ஆளுக்குப் பெயர் கிடையாது, குறிதான். மூன்று கோடு என்றால் விடுதி, வட்டம் என்றால் மருத்துவமனை. எந்தத் துணியானாலும் மடிப்பதற்கு முன்னால் வலது மூலையில், தண்ணீரில் போகாத மையால், அது எந்த வீட்டுத் துணியோ அந்த வீட்டின் குறியைப் போட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு நானூறு உருப்படி. கைக்கு மூளை தேவைப்படாது. அன்றைக்கு மனுவை மடித்தபோதும் என் கை தன் வேலையைச் செய்துவிட்டது. யாரைப் பற்றிய மனுவோ அந்த வீட்டின் குறி; தண்ணீர் இல்லாத மேட்டுக்காரி வீட்டுத் துணியும் எங்கள் இயந்திரத்தில்தான் வெளுக்கும். இரண்டு புள்ளி, ஒரு கோடு.

மேட்டுக்காரி மனுவைப் படித்தாள். 'இடிக்கவும்' என்ற இடத்தில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன் முந்தானை நுனியைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே என் கையால் போட்ட அதே குறி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்காரர் முந்தானையைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஆறு இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். பன்னிரண்டு வருஷத்தில் பகல் நேரத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதை என்பார்கள். நான் சங்கை எடுத்து, துடைத்து, உறையில் போட்டு, தபாலிலேயே அனுப்பியவள்.

சர்வேயர் போன பிறகு சந்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அவள் திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகவே இருந்தேன், பதிலும் வைத்திருந்தேன்.

"படி போட்டது நான் ஏர்றதுக்கு இல்லக்கா" என்றாள். "உங்க வீட்டுக்கு எறங்கறதுக்கு. சந்து கீழ போயிட்டே இருந்துச்சு. குடத்தத் தூக்கிட்டு வரப்ப ரெண்டு வாட்டி விழுந்தேன்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சொன்னேனேக்கா. 'நீங்க கீழ போறீங்க'ன்னு. 'யாருடி கீழ போறது'ன்னு கேட்டீங்க. அப்புறம் மூணு நாள் தண்ணி வரல."

கேட்க நினைத்ததைக் கேட்டேன். "உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான இருந்திருக்கும்? நான் எறங்கறதப் பாக்க?"

அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "நீங்க எறங்க ஆரம்பிச்ச மொதல் வருஷம் இருந்துச்சுக்கா. உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி கொட்டற சத்தம் கேட்டா எனக்கு வயிறு எரியும். நல்லா எறங்கட்டும்னு நெனச்சிருக்கேன். அப்புறம் விரிசலப் பாத்து பயந்துட்டேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். நான் அழவில்லை. அவளுக்கும் என்மேல் பொறாமை இருந்தது என்று கேட்டதில் எனக்கு ஒரு குளிர்ச்சி வந்தது. அது ஒரே வருஷத்தில் முடிந்துவிட்டது என்பதில் உடனே மறுபடி எரிந்தது. என்னால் பன்னிரண்டு வருஷத்தில் விட முடியாததை இவள் எப்படி ஒரே வருஷத்தில் விட்டாள்?

மருத்துவமனை போய்விட்டது. விடுதிகளில் இரண்டு மட்டும் எங்களோடு தங்கின. வீட்டை விற்கலாம் என்று தரகரைக் கூப்பிட்டோம். அவர் சந்துக்குள்ளேயே வராமல், தெருமுனையில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளில் அஸ்திவாரம் தோண்டிய வீட்டை இனி தானமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. நாற்பது நாள் செதுக்கிய அவள் வீட்டுக்கு, அதே தரகர், யாரும் கேட்காமலே ஒரு விலை சொன்னாராம். இதைச் சொன்னது எங்கள் வீட்டுக்காரர். எதற்காக என்னிடம் சொன்னார் என்று இன்று வரை புரியவில்லை.

கிணற்றுக்கு மூடி போட்டு முத்திரை வைத்த நாளில் மேட்டுக்காரி வந்தாள். அவளுக்கும் இனி தண்ணீர் இல்லை. ஆற்றுத் தண்ணீர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். எங்கள் கிணற்றைவிட நாலு மடங்கு செலவு, ஆனால் வரும்.

"ரெண்டு மிஷின எங்க முன்னறையில போட்டுக்கலாம்க்கா. நான் தையல ஜன்னல் ஓரமா நகத்திக்கறேன். பாறை தாங்கும்."

கொடுக்கிறவள் கை எப்போதும் மேலேதான். இதிலும் அவள் மேலே. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. கூடத்தில் நின்றுபோன ஆறு இயந்திரங்களைப் பார்த்தேன், வாடகை இடம் தேடி அலைந்து கறுத்துப்போன எங்கள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். "சரி" என்றேன். அதைவிடக் கனமான மூட்டையை நான் தூக்கியதே இல்லை.

இப்போது தினமும் காலையில் துணி மூட்டையோடு சந்தைத் தாண்டி அவள் படி ஏறுகிறேன். இயந்திரங்கள் அங்கே அசையாமல் நிற்கின்றன, மரத்துண்டு தேவையில்லை. இஸ்திரி மேசையையும் அங்கேயே போட்டுக்கொண்டேன். நின்று தேய்க்கும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறவளின் உச்சி வகிடு மறுபடி தெரிகிறது. எட்டு வருஷமாகப் பார்க்காத வகிடு. நடுவில் நிறைய நரைத்திருக்கிறது. இதை நான் கவனித்ததே இல்லை, நேராகக் கண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

சர்வேயர் சொன்னது போலவே சந்து இன்னும் கொஞ்சம் இறங்கியது. போன மாதம், மூட்டையோடு ஏறும்போது முதல் படிக்கே முழங்காலைத் தூக்க வேண்டியிருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். மட்டக்குழாயும் கொண்டுவரச் சொன்னேன்.

சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். "என்னக்கா இது?"

"கால் வைக்க வாட்டமா இல்ல, அதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. செங்கல்லை எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தாள். வேலை முடிந்து கொத்தனார் மட்டக்குழாயை வைத்துவிட்டுப் போன பிறகு, அவள் உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டு, மட்டக்குழாயை நான்கு படிகளிலும் வைத்துப் பார்த்தேன். அவள் போட்ட மூன்றும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. என்னுடையதுதான் நேராக இருக்கிறது.